எந்த ஆனி மூர்?

1892 ஜனவரி 1. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவின் குடிநுழைவு நிலையம் அன்றுதான் திறக்கிறது. அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து ‘நெவாடா’ கப்பலில் இரண்டு தம்பிகளோடு வந்த ஆனி மூர் என்ற பெண், முதல் ஆளாகப் பதிவேட்டில் ஏறினார். நிலையத் தலைவர் ஜான் வெபர் பத்து டாலர் தங்கக் காசு ஒன்றை அவர் கையில் கொடுத்தார். மறுநாள் பத்திரிகைகளில் பெயர் வந்தது. 1954இல் நிலையம் மூடப்படும்வரை அந்த வழியாக உள்ளே போனவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேருக்கும் மேல். அவர்களில் முதல் பெயர் ஆனியுடையது.

அதற்குப் பிறகு ஆனி என்ன ஆனார்? பல காலம் சொல்லப்பட்ட கதை இது: மேற்கே டெக்சாஸுக்குப் போனார், அங்கே ஓகானல் என்பவரை மணந்தார், 1923இல் ஃபோர்ட் வொர்த் பக்கம் டிராம் வண்டி மோதி இறந்தார். அந்த டெக்சாஸ் ஆனியின் வாரிசுகளை விழாக்களுக்கு அழைத்து மரியாதை செய்தார்கள். 1993இல் எல்லிஸ் தீவிலும், ஆனி கப்பலேறிய கோவ் துறைமுகத்திலும் சிலை வைத்தார்கள்.

2006இல் மேகன் ஸ்மோலன்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் அந்தக் கதையைக் கவிழ்த்தார். டெக்சாஸ் ஆனி மூர் கப்பலில் வந்தவரே அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். பெயர் மட்டும்தான் ஒன்று, ஆள் வேறு.

அயர்லாந்து முன்னோரைத் தேடும் எவருக்கும் இதுதான் முதல் பாடம். பெயர் ஒரு துப்பு. சாட்சி அல்ல.

ஆளைத் தேடாதீர்கள், வீட்டைத் தேடுங்கள்

உண்மையான ஆனி எப்படிக் கிடைத்தார்? கண்டுபிடிப்பவருக்கு ஆயிரம் டாலர் பரிசு என்று ஸ்மோலன்யாக் அறிவித்தார். நியூயார்க் நகர ஆவணத் துறையின் ஆணையராக இருந்த பிரையன் ஆண்டர்சன் உதவிக்கு வந்தார். முடிச்சை அவிழ்த்த தாள் ஆனியுடையதுகூட அல்ல. கூட வந்த தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பத்திரம் அது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில் குடும்பம் முழுவதும் வெளியே வந்தது.

ஆனி நியூயார்க்கை விட்டுப் போகவே இல்லை. அவருக்கு முன்பே வந்துவிட்ட பெற்றோர் மத்தேயு, ஜூலியா இருவரும் மன்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியில் நெருக்கடியான குடியிருப்பொன்றில் இருந்தார்கள். அதே பகுதியிலேயே ஆனியும் வாழ்ந்தார். ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்த ஜோசஃப் ஷாயர் என்ற ஜெர்மானிய வம்சத்தவரை மணந்தார். பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் பெற்றார். அவர்களில் ஐந்து பேரே பெரியவர்களானார்கள். 1924இல் ஐம்பது வயதில் இறந்தார்.

இதிலிருந்து ஒரு வழிமுறை கிடைக்கிறது. ‘ஆனி மூர்’ என்று தேடினால் நூறு பேர் வருவார்கள். ‘தகப்பன் மத்தேயு, தாய் ஜூலியா, தம்பிகள் ஆன்டனி, பிலிப்’ என்று தேடினால் ஒரு வீடுதான் வரும். ஒரு பெயர் தற்செயலாக ஒத்துப்போவது எளிது. ஐந்து பேர் கொண்ட கூட்டம் முழுவதும் வேறோர் ஊரில் அப்படியே அமைவது அரிது. அதனால் அண்ணன், தம்பி, மைத்துனர், திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், பிள்ளைகளின் ஞானத்தந்தை, ஞானத்தாய் எல்லோரையும் குறித்துக்கொள்ள வேண்டும். அயர்லாந்துக்காரர்கள் தனித்தனியாகப் புறப்பட்டாலும் சொந்தபந்தங்கள் இருக்கும் தெருவுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

வயதை மட்டும் முழுதாக நம்பிவிட வேண்டாம். ஆனிக்குக் கப்பல் பட்டியல் 13 வயது என்றது, பத்திரிகை 15 என்றது. உண்மையில் 17.

ஊர்ப் பெயர் இல்லாமல் கடல் தாண்டாதீர்கள்

பலர் செய்யும் தவறு, முதல் நாளே அயர்லாந்து ஆவணங்களில் குதிப்பது. ‘அயர்லாந்தில் பிறந்த பேட்ரிக் மர்ஃபி’ என்ற ஒற்றை வரியோடு அங்கே போவது, திருவிழாக் கூட்டத்தில் ‘முருகா’ என்று கூப்பிடுவது போல. முதலில் முன்னோர் கரையேறிய நாட்டின் காகிதங்களைத் தீர்க்க வேண்டும்.

தேட வேண்டியது கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பெயர் மட்டும் அல்ல. அயர்லாந்தின் 32 கவுண்டிகளுக்குள் 60,000க்கும் மேற்பட்ட சிறு நிலப் பிரிவுகள் உண்டு. டவுன்லேண்டு என்பார்கள். பெயரில் ‘டவுன்’ இருந்தாலும் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாலைந்து வீடும் வயலுமாகக்கூட ஒரு டவுன்லேண்டு இருக்கும். பழைய ஆவணங்கள் பலவும் இதை வைத்தே அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அது எங்கே கிடைக்கும்? கல்லறைக் கற்களில் பிறந்த ஊரைப் பொறிக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. மரண அறிவிப்பு, தேவாலயத் திருமணப் பதிவு, பழைய கடித உறை இவற்றிலும் கிடைக்கும். அமெரிக்கக் குடியுரிமைப் பத்திரங்களில் 1906க்குப் பிற்பட்டவை பிறந்த ஊரையும் தேதியையும் கேட்டு வாங்கின. அதற்கு முந்தியவற்றில் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் இராது.

இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. பாஸ்டன் நகரில் ‘தி பைலட்’ என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை ‘காணாமற்போன நண்பர்கள்’ என்ற பகுதியில் விளம்பரங்களை வெளியிட்டது. கப்பலேறிப் போன கணவனை மனைவி தேடுவாள், தமக்கையைத் தம்பி தேடுவான். ஆளை அடையாளம் காட்டுவதற்காகக் கவுண்டி, பங்கு, சில சமயம் டவுன்லேண்டுவரை எழுதினார்கள். அன்று அவர்களுக்கு அது கவலை. இன்று நமக்கு முகவரி. மற்றொன்று, 1850இல் நியூயார்க்கில் தொடங்கிய எமிக்ரண்ட் சேமிப்பு வங்கியின் பேரேடுகள். எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளரை அடையாளம் கண்டுகொள்ள, பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தார், வந்த கப்பல் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிவைத்தது அந்த வங்கி.

எரிந்தவையும் மிஞ்சியவையும்

‘அயர்லாந்து ஆவணமெல்லாம் எரிந்துபோய்விட்டது’ என்று சொல்லக் கேட்டிருக்கலாம். பாதி உண்மை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கில் சில துண்டுகள் தவிர மற்றவை சாம்பலாயின. உயில்களும், புராட்டஸ்டண்ட் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் போயின.

ஆனால் 1861 முதல் 1891 வரையிலான நான்கு கணக்குகளைத் தீ தொடவே இல்லை. அவற்றை அரசாங்கமே அதற்கு முன் அழித்திருந்தது. கடைசி இரண்டும் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின.

மிஞ்சியவை நாலு வகை.

முதலாவது, அரசாங்கப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு. கத்தோலிக்கர் அல்லாதாரின் திருமணங்கள் 1845 முதலும், எல்லாருடைய பிறப்பு, இறப்பு, திருமணமும் 1864 முதலும் பதிவாயின. பிறப்புப் பதிவில் தாயின் கன்னிப்பருவக் குடும்பப் பெயரும், தகப்பனின் தொழிலும், வீடிருந்த இடமும் இருக்கும். பழைய பதிவுகளின் படிமங்களை அயர்லாந்து அரசு இணையத்தில் இலவசமாகவே கொடுத்திருக்கிறது.

இரண்டாவது, கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். அவை பங்குக் கோயில்களிலேயே இருந்ததால் தப்பின. சுமார் 1880வரை உள்ள ஏடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலையில் இணையத்தில் போட்டது. பல ஏடுகள் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ் ஆகியிருப்பார், வில்லியம் குலியெல்முஸ் ஆகியிருப்பார். திடுக்கிட வேண்டாம்.

மூன்றாவது, 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குகள். நாடு முழுவதற்கும் அப்படியே கிடைக்கின்றன. குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய படிவத்தையே பார்க்கலாம். 1911 படிவத்தில் மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை என்றும் கேட்டார்கள். ஒரு வேடிக்கையும் உண்டு. 1901இல் 55 என்று சொன்னவர் பத்தாண்டு கழித்து 70 என்று சொல்வார். காரணம், 1909 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த முதியோர் ஓய்வூதியம். அதற்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும்!

நான்காவது, கிரிஃபித் மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை ரிச்சர்டு கிரிஃபித் தலைமையில் வரிக்காக நாட்டின் நிலங்களையும் வீடுகளையும் அளந்து மதிப்பிட்டார்கள். யார் அனுபவிக்கிறார், யாருக்குக் குத்தகை கட்டுகிறார், பரப்பு எவ்வளவு, ஆண்டு மதிப்பு எவ்வளவு என்று டவுன்லேண்டு வாரியாக அச்சிட்ட பட்டியல். சிட்டா, அடங்கல் பார்த்துப் பழகியவருக்கு இதன் போக்கு உடனே பிடிபடும். குடும்பத்தில் அனுபவதாரர் பெயர் மட்டுமே இருக்கும், மனைவி மக்கள் இருக்க மாட்டார்கள். 1845 முதல் நடந்த பெரும் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அந்தப் புயல் அடித்துக்கொண்டிருக்கும்போதும் ஓய்ந்த கையோடும் எடுத்த கணக்கு என்பதால், ஓர் ஊரில் மிஞ்சியவர் யார் என்பதை இது காட்டுகிறது.

இதற்குப் பின் வந்த திருத்தப் புத்தகங்கள் இன்னும் சுவையானவை. அனுபவதாரர் மாறும்போது பழைய பெயரின் மேல் ஒரு கோடு இழுத்து, மேலே புதிய பெயரை வேறு நிற மையில் எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறித்தார்கள். ஒரு பக்கத்தில் ‘ஜான்’ அடிபட்டு ‘மேரி’ என்று வந்தால், அநேகமாக ஜான் இறந்து மனைவி நிலத்துக்கு வந்திருக்கிறார். அந்த ஆண்டை எடுத்துக்கொண்டு இறப்புப் பதிவில் தேடினால் ஆள் கிடைப்பார்.

‘ஓ’ என்றால் பேரன்

இனி குடும்பப் பெயருக்கு வருவோம். ஐரோப்பாவில் வழிவழியாக வரும் குடும்பப் பெயரை முதலில் கைக்கொண்டவர்களில் அயர்லாந்துக்காரர்கள் உண்டு. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளிலேயே அது வேரூன்றிவிட்டது. ஐரிஷ் மொழியில் ‘மாக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன், வழித்தோன்றல். 1014இல் க்ளான்டார்ஃப் போரில் மாண்ட அரசர் பிரையன் போருவின் வழியினர் ஓபிரையன் ஆனது இப்படித்தான். பேரைத் தாங்குகிறவன் பேரன் என்று சொல்லும் தமிழருக்கு இதில் வியப்பு இராது. தலைமகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர் என்று வைக்கும் வழக்கமும் அங்கே பரவலாக இருந்தது. விதியல்ல, ஆனால் நல்ல குறிப்பு. பிள்ளைகளின் பெயர் வரிசையைப் பார்த்துத் தாத்தா பெயரை ஊகிக்கலாம்.

ஆங்கிலேய ஆட்சி இறுகியபோது ஐரிஷ் பெயர்கள் ஆங்கில எழுத்தர்களின் கையில் சிக்கின. மூன்று விதமான மாற்றங்கள் நடந்தன.

காதில் விழுந்தபடி எழுதியது ஒன்று. ‘கடல் மறவன்’ என்று பொருள்படும் பழைய ஆண்பெயரிலிருந்து பிறந்த ஓ முர்காதா, மர்ஃபி ஆயிற்று. இன்றும் அயர்லாந்தில் அதிகம் வழங்கும் குடும்பப் பெயர் இதுதான்.

பொருளை மொழிபெயர்த்தது இன்னொன்று. ‘கொல்லன் மகன்’ என்று பொருள்படும் பெயர் சில இடங்களில் மெகவன் என்று ஒலி மாறியது. கேவன் கவுண்டியில் பலர் நேரே ஸ்மித் ஆகிவிட்டார்கள். ஆகவே ஸ்மித் என்றதும் இங்கிலாந்துக்காரர் என்று முடிவு கட்டக் கூடாது.

முன்னொட்டை உதறியது மூன்றாவது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஓசல்லிவன் வெறும் சல்லிவன் ஆனார். 1893இல் கேலிக் லீக் தோன்றி ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி வந்தபின் பலர் ‘ஓ’வைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தாத்தா சல்லிவன், பேரன் ஓசல்லிவன் என்றிருந்தால் இரண்டும் ஒரே குடும்பமாக இருக்கலாம்.

ஐரிஷ் அல்லாத வேரும் உண்டு. ‘ஃபிட்ஸ்’ நார்மானியர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சொல். அதற்கும் மகன் என்றே பொருள். ஃபிட்ஸ்ஜெரால்டு நார்மானியக் குடும்பம். ஆனால் ஃபிட்ஸ்பேட்ரிக் அசல் ஐரிஷ் பெயருக்குப் போர்த்திய நார்மானியச் சட்டை. வால்ஷ் என்பது வேல்ஸிலிருந்து வந்தவரைக் குறித்த பெயர்.

மூர் எங்கிருந்து வந்தார்?

ஆனியின் குடும்பப் பெயரையே எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தில் மூர் என்ற ஒரே எழுத்துக்கூட்டலுக்குப் பின்னால் குறைந்தது மூன்று கூட்டத்தார் நிற்கிறார்கள்.

முதலாவது லீஷ் பகுதியை ஆண்ட ஓ மோர்தா குலம். ‘மோர்தா’ என்றால் கம்பீரமானவன், மாண்புடையவன். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை விடாமல் எதிர்த்துப் போரிட்டவர்கள் இவர்கள். இரண்டாவது, நார்மானியர் காலத்தில் வந்து தெற்கே மன்ஸ்டரில் குடியேறிய மூர்கள். ஆங்கிலத்தில் மூர் என்றால் புதரும் சேறுமான தரிசு வெளி. அங்கே குடியிருந்தவருக்கு அது பெயராயிற்று. மூன்றாவது, வடக்கே அல்ஸ்டரில் குடியேறிய ஸ்காட்லாந்து மியூர் குடும்பங்கள். அவர்களும் நாளடைவில் மூர் என்றே எழுதினார்கள்.

அப்படியானால் கார்க் நகரத்து மூர், தெற்கத்தியர் என்பதால் நார்மானிய வழியா? அதையும் சொல்ல முடியாது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லீஷ் குலத்தாரில் பலரை ஆங்கிலேயர் பிடுங்கித் தெற்கே கெர்ரியில் நட்டார்கள். அங்கிருந்து கார்க் பக்கத்துக் கவுண்டிதான். எழுத்தைப் பார்த்து வேரைச் சொல்ல இயலாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஒரு குறிப்பிட்ட குடும்பத்தைக் காகிதம் காகிதமாகப் பின்னோக்கிக் கொண்டுபோய், அது எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரின் மூர்கள் யார் என்று கேட்க வேண்டும். பெயரிலிருந்து ஊருக்குப் போவதல்ல வழி. ஊரிலிருந்து பெயருக்கு வருவதே வழி.

பெயர்களின் வேரைப் பார்க்க எட்வர்டு மாக்லைசட் எழுதிய நூல்கள் இன்றும் கைகொடுக்கின்றன. ஒவ்வொரு பெயரும் எந்தக் கவுண்டியில் கிளைத்தது, அதே எழுத்தில் வேறு எந்தக் குடும்பங்கள் உண்டு என்று பிரித்துச் சொல்பவர் அவர்.

நம்பக் கூடாத மூன்று

ஒன்று: ‘எல்லிஸ் தீவு அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்.’ அதிகாரிகள் யாரையும் பெயர் கேட்டுப் புதிதாக எழுதவில்லை. கப்பல் நிறுவனம் தயாரித்துக் கொண்டுவந்த பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியிருந்தால் அநேகமாக அதற்கு முன்போ, பின்னால் குடும்பமே விரும்பியோ மாற்றியது.

இரண்டு: நினைவுப்பொருள் கடைகளில் விற்கும் குடும்பச் சின்னம். அத்தகைய சின்னம் குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் வழியினருக்கும் வழங்கப்படுவது. ஒரே குடும்பப் பெயர் கொண்ட எல்லாருக்கும் சொந்தமல்ல. கோப்பையில் அச்சிட்டு விற்றால் வம்சம் ஆகிவிடாது.

மூன்று: ‘மரபணுச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும்.’ உயிரோடிருக்கும் உறவினரை அது காட்டும். அவர்களிடம் இருக்கும் ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்குவது நம் வேலை. ஆறேழு தலைமுறைக்கு அப்பால் அதன் பார்வை மங்கிவிடும்.

அயர்லாந்து முன்னோரைத் தேடும் நண்பரோ மருமகளோ உங்களிடம் யோசனை கேட்டால் இவ்வளவு சொன்னால் போதும்: வீட்டிலுள்ள முதியவரிடம் முதலில் கேளுங்கள், கேட்டதைத் தேதி போட்டு எழுதுங்கள், குடும்பத்தார் அத்தனை பேர் பெயரையும் பட்டியலிடுங்கள், டவுன்லேண்டு கிடைக்கும்வரை கடல் தாண்டாதீர்கள். ஒவ்வொரு படியிலும் ‘இது அதே ஆள்தானா?’ என்று ஒரு முறை சந்தேகப்படுங்கள்.

ஆனி மூர் புதைக்கப்பட்டது நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், கால்வரி கல்லறைத் தோட்டத்தில், பெயர்ப்பலகையில்லாத ஒரு குழியில். கூடவே அவர் பறிகொடுத்த பிள்ளைகள் சிலரும். அவர் தலைமாட்டில் அயர்லாந்துச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய சிலுவை 2008இல் நடப்பட்டது. சாவுக்கும் கல்லுக்கும் இடையே 84 ஆண்டுகள்.